வாள் அடிப்பது: எதற்குப் பின் எது, ஏன்

வாள் அடிக்கக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் எப்படி அடிப்பது என்று கேட்கிறார்கள். எந்தச் சூட்டில் அடிப்பது, எப்போது நிறுத்துவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் பாழாகிப் போன அலகுகளை எடுத்துப் பார்த்தால் சுத்தியலால் கெட்டவை கொஞ்சம்தான், சூட்டால் கெட்டவையும் வேலையை முன்பின்னாகச் செய்ததால் கெட்டவையும்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

இங்கே நாம் செய்யப்போவது ஒரு குட்டை வாள். ஒரு பக்கம் மட்டும் வாய் (வெட்டும் விளிம்பு), அலகு 45 செ.மீ., பிடிக்குள் போகும் காம்பு 12 செ.மீ. முதல் வாளுக்கு இதற்கு மேல் போக வேண்டாம். நீளம் கூடினால் அடிக்கும் வேலை கொஞ்சம்தான் கூடும், ஆனால் முழு அலகையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவருவதும் தோய்ச்சலில் (சிவந்த அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவதில்) கோணாமல் எடுப்பதும் பல மடங்கு கடினமாகிவிடும். இன்னொன்று, ஒரு சின்னக் கத்தியையாவது அடித்து, பதம் போட்டு, பயன்படுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் இது. அது இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

1. உலை மூட்டுவதற்கு முன்

நீங்கள் இருக்கும் இடத்தில் வாள் செய்யவும் வைத்திருக்கவும் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். அலகின் நீளத்துக்கும் கூருக்கும் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. வேலை முடிந்த பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை.

உலை கரியோ எரிவாயுவோ எதுவானாலும் சரி. அடிக்கும்போது ஒரு நேரத்தில் 10 முதல் 15 செ.மீ. சூடானால் போதும், அதற்கு மேல் காய்ச்சினால் அடிக்காத பகுதி வீணாகச் செதில் (சூட்டில் இரும்பின் மேல் உண்டாகும் ஆக்சைடுப் படலம்) கட்டிக் கரையும். ஆனால் தோய்ச்சலுக்கு 45 செ.மீ. முழுவதும் ஒன்றுபோலச் சிவக்க வேண்டும். இந்த இரண்டாவது தேவையை யோசிக்காமல் தொடங்கி, அலகு தயாரான பிறகு "இதை எதில் காய்ச்சுவது" என்று முழிப்பவர்கள்தான் அதிகம். நீள உலை இல்லை என்றால், ஒரு முனை மூடிய கனமான இரும்புக் குழாயை உலைக்குள் வைத்து அதற்குள் அலகை விடலாம். குழாய் சூட்டைப் பரப்பிக் கொடுக்கும். துத்தநாகம் பூசிய குழாய் மட்டும் கூடவே கூடாது, அந்தப் புகை நஞ்சு.

அப்புறம் தோய்ச்சல் தொட்டி. 15 செ.மீ. விட்டமும் 75 செ.மீ. உயரமும் உள்ள இரும்புக் குழாய்க்கு அடி வைத்து வெல்டு செய்து, கவிழாதபடி அகலமான தளத்தில் நிறுத்துங்கள். 60 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப ஏறத்தாழ 10 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். தொட்டிக்கு இறுக மூடும் இரும்பு மூடி வேண்டும். எண்ணெய் தீப்பற்றினால் மூடிப் போட்டுத்தான் அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் வெடித்துச் சிதறும். பழைய இன்ஜின் ஆயிலைப் பயன்படுத்தாதீர்கள். கனோலா போன்ற தாவர எண்ணெயே இந்த வேலைக்குப் போதும்.

மற்றவை: 1 கிலோ அளவில் ஒரு சுத்தியல் (முகத்தின் ஓரங்களை உருட்டித் தேய்த்திருக்க வேண்டும், கூர் ஓரம் அலகில் பிறை பிறையாக வெட்டிவிடும்), பட்டடை, பட்டையைச் சரியாகக் கவ்வும் குறடு, கம்பி பிரஷ், காந்தம், அரங்கள், மரச் சுத்தி, ஒரு மரக்கட்டை. உடம்புக்குப் பருத்தித் துணியும் தோல் ஏப்ரனும், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, சாணை பிடிக்கும்போது தூசி வடிகட்டும் முகமூடி. அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும். கரியிலும் எரிவாயுவிலும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

2. எஃகு

முதல் வாளுக்கு 5160 அல்லது 1075 என்ற வகை எண்ணுள்ள எஃகு. இரண்டும் எண்ணெயில் நன்றாகக் கடினமாகும். 5160 என்பது 0.6 சதவீத அளவில் கார்பனும் கொஞ்சம் குரோமியமும் கலந்த ஸ்பிரிங் எஃகு. அடி தாங்கும், தோய்ச்சலில் சின்னத் தாமதத்தைப் பொறுக்கும். 1095 வேண்டாம். அதைக் கடினமாக்க ஒரு நொடிக்குள் சூடு பாதாளத்துக்கு இறங்கியாக வேண்டும், அதற்கென்று வேகமான எண்ணெய் தேவை, விரிசலும் சீக்கிரம் விழும்.

பழைய லீஃப் ஸ்பிரிங் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். நல்ல எஃகுதான். ஆனால் வண்டியில் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கலாம், அது தோய்ச்சலின்போதுதான் வாய் திறக்கும். அத்தனை வேலையையும் ஒரு பழைய பட்டையை நம்பிச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

எந்த எஃகானாலும் ஒரு துண்டு வெட்டி முதலில் சோதியுங்கள். காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, துணி சுற்றி வைஸில் பிடித்து உடையுங்கள். உடைந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் நைசாக இருந்தால் சூடு சரி. சர்க்கரை போலப் பளபளவென்று மணல்மணலாக இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. உடையாமல் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது அது கடினமாகும் எஃகே இல்லை. உங்கள் உலையில், உங்கள் வெளிச்சத்தில் சரியான சூடு எந்த நிறத்தில் தெரிகிறது என்பதை இந்தத் துண்டுதான் கற்றுக்கொடுக்கும்.

3. வரைபடமும் பட்டையின் நீளமும்

வாளை முழு அளவில் தாளில் வரைந்து, அதை மெல்லிய தகட்டில் வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். சிவந்த இரும்பைத் தாளோடு ஒப்பிட முடியாது, தகட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, 57 செ.மீ. வாளுக்கு 57 செ.மீ. பட்டையை வெட்டுவது. அடிக்க அடிக்க இரும்பு நீளும். 6 மி.மீ. தடிமனும் 38 மி.மீ. அகலமும் உள்ள பட்டையில் 35 செ.மீ. போதும், அதன் எடை 625 கிராம் அளவில் வரும். செதிலாகப் போவது, தேய்த்து எடுப்பது எல்லாம் அதில் அடங்கும். நீளமாக வெட்டித் தொடங்கினால் உங்கள் உலைக்கும் தொட்டிக்கும் அடங்காத ஒரு வாளோடு நிற்பீர்கள்.

4. முனை முதலில்

முனையில் தொடங்குவதற்குக் காரணம், பட்டை முழு அகலத்தோடு இருக்கும் இந்த ஒரு கட்டத்தில்தான் மறுமுனையைக் குறடால் உறுதியாகப் பிடிக்க முடியும்.

மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சுங்கள், 5160-க்கு 1100 டிகிரி செல்சியஸ் பக்கம். சிவப்புக்கு இறங்கியதும், அதாவது 850 டிகிரியை நெருங்கும்போது, அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பவும் உலையில் வையுங்கள். இன்னும் நாலு அடி போடலாமே என்று தோன்றும். அந்த நாலு அடியில்தான் உள்ளே விரிசல் விழுகிறது. மறுபக்கம், வெள்ளையாகிப் பொறி தெறித்தால் எஃகு கருகிவிட்டது. அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

முனையின் இரண்டு மூலைகளையும் முதலில் வெட்டிவிட்டு அடியுங்கள். சதுர முனையை அப்படியே கூராக்கப் போனால் ஓரங்கள் நடுவைத் தாண்டி முன்னால் ஓடும், மீன்வாய் போல ஒரு பிளவு உண்டாகும், அது அலகுக்குள் மடிந்து போய்ப் பிறகு எத்தனை தேய்த்தாலும் கோடாகத் தெரியும். முனையை இப்போதே ஊசியாக்கவும் வேண்டாம். மெல்லிய முனை மற்ற இடத்துக்கு முன்னால் காய்ந்து கருகும்.

5. மெல்லிதாக்கலும் காம்பும்

தடிமன் தோள் (அலகு முடிந்து காம்பு தொடங்கும் இடம்) அருகே 6 மி.மீ., முனை அருகே 3 மி.மீ. இந்தச் சரிவு அடியிலேயே வர வேண்டும். ஒரே தடிமனில் விட்டால் வாள் முன்பாரமாகக் கையை இழுக்கும். சாணையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் பிறகு மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். முனைப் பக்கம் தொடங்கித் தோளை நோக்கி வாருங்கள், ஒவ்வொரு சூட்டிலும் 10 செ.மீ. உலையிலிருந்து எடுத்ததும் கம்பி பிரஷால் செதிலை உதிர்த்துவிட்டுத்தான் முதல் அடி. செதிலோடு அடித்தால் அது இரும்பில் பதிந்து குழி விழும்.

அகலத்தைக் குறைக்க விளிம்பில் அடிக்கும்போது பட்டை நடுவில் உப்பும், அல்லது பக்கவாட்டில் சாயும். சாய்ந்தால் உடனே தட்டையாக்குங்கள். சாய்ந்ததன் மேலேயே அடித்துக்கொண்டு போனால் மடிந்துவிடும்.

இது முடிந்ததும் பட்டையைத் திருப்பிக் காம்பை இழுங்கள். வாய்ப் பக்கச் சரிவையும் அடித்த பிறகு காம்புக்கு வந்தால் மெல்லிய அலகைக் குறடால் கவ்வ வேண்டியிருக்கும், வாய் நசுங்கும். காம்பின் அகலம் தோளில் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தோள் காம்போடு சேரும் இடம் வளைவாக இருக்கட்டும், செங்கோணமாக வெட்டிவிடாதீர்கள். வாள் உடைந்தால் பெரும்பாலும் அந்த மூலையில்தான் உடையும்.

6. வாய்ப் பக்கச் சரிவு

பொறுமை அதிகம் தேவைப்படும் கட்டம் இது. ஒரு பக்க ஓரத்தை மெல்லிதாக்கினால் அந்த ஓரம் நீளும், முதுகு நீளாது, ஆகவே அலகு முதுகுப் பக்கமாக வளையும். நேர் வாள் வேண்டும் என்றால், சரிவைத் தொடங்கும் முன்பே அலகை எதிர்ப்பக்கமாக, அதாவது வாய் உள்வளைவில் இருக்கும்படி, மரக்கட்டையில் வைத்து வளைத்துவிடுங்கள். எவ்வளவு வளைப்பது என்பது அகலத்தையும் தடிமனையும் பொறுத்தது. முதல் முறை கணக்கு சரியாக வராது, பரவாயில்லை. இரண்டு மூன்று சூட்டுக்கு ஒருமுறை தகட்டு அச்சில் வைத்துப் பார்த்து, வாய் மரக்கட்டையில் படும்படி நிறுத்தி முதுகை மரச் சுத்தியால் தட்டிச் சரிசெய்துகொண்டே போகலாம். இரும்புச் சுத்தி வேண்டாம், அடித்த இடம் பள்ளமாகும்.

பக்கம் மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரு சூட்டில் இடப்பக்கம் 10 செ.மீ., அடுத்த சூட்டில் அதே இடத்தில் வலப்பக்கம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் வாய் நடுவில் நிற்காமல் ஒதுங்கிவிடும், அலகு முறுக்கிக்கொள்ளும்.

வாயின் தடிமன் 2.5 மி.மீ.க்கு வந்ததும் நிறுத்துங்கள். இதைத் தாண்டி மெல்லிதாக்கும் ஆசை எல்லாருக்கும் வருகிறது, ஏனென்றால் இப்போதுதான் அது வாளாகத் தெரியத் தொடங்கும். ஆனால் மெல்லிய வாய் உலையில் மற்ற இடத்துக்கு முன்னால் காய்ந்து மேற்பரப்புக் கார்பனை இழக்கும். அந்தத் தோலைத் தேய்த்து எடுக்க இரும்பு மிச்சம் இருக்க வேண்டும்.

நேராக இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். அலகு பட்டடையில் படிந்து கிடந்தால் சுத்தியல் விழும்போது கனத்த, அடங்கிய ஓசை வரும். அடியில் இடைவெளி இருந்தால் சலசலவென்று அறைகிற ஓசை வரும், குறட்டைப் பிடித்த கையிலும் அதிர்வு ஏறும். சத்தம் மாறிய இடத்தில் வளைவு இருக்கிறது.

7. உள்ளிருக்கும் இறுக்கத்தைத் தளர்த்துதல்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் பலர். அடித்து முடித்த எஃகில் துகள்கள் ஓரிடத்தில் பெரிதும் ஓரிடத்தில் சிறிதுமாக இருக்கும், உள்ளே இறுக்கமும் தங்கியிருக்கும். அப்படியே தோய்த்தால் அந்த இறுக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்பட்டு அலகு கோணும்.

அலகை நேராக்கி, முழுவதையும் 870 டிகிரிக்குக் காய்ச்சி, காற்றோட்டம் அலைக்காத இடத்தில் தொங்கவிட்டு, காந்தம் ஒட்டிச் சிவப்பு முழுக்க மறைந்து கறுக்கும்வரை ஆறவிடுங்கள். இதையே இன்னும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்து, 840, 800 என்று. ஈரத் தரையிலோ குளிர்ந்த பட்டடை மேலோ படுக்க வைக்காதீர்கள், தொட்ட பக்கம் முந்தி ஆறி வளைந்துவிடும். ஒவ்வொரு முறை ஆறிய பின்னும் நேரா என்று பாருங்கள். தானாகவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தோய்ச்சலிலும் அந்தப் பக்கம்தான் சாயப்போகிறது என்று இப்போதே சொல்லிவிடுகிறது. சிவப்பில் நேராக்கிவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள்.

8. தோய்ச்சலுக்கு முன் தேய்ப்பு

செதில், சுத்தியல் தடம், கார்பன் இழந்த தோல் எல்லாம் போகும்வரை தேய்த்து, வாயை 1.5 மி.மீ.க்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் தடித்திருந்தால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஆறிக் கோணலாகும்.

கடைசிக் கீறல்கள் நீளவாக்கில் ஓடட்டும், 120 அல்லது 220 எண் உப்புத்தாளில் முடியுங்கள். வாய்க்குக் குறுக்கே ஆழமான கீறல் இருந்தால் தோய்ச்சலில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். காம்பில் பின் ஆணி (பிடியைக் காம்போடு பிணைக்கும் ஆணி) போட வேண்டிய துளையையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

9. தோய்ச்சல்

எண்ணெயை முதலில் 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சூடான எண்ணெய் இளகி அலகைச் சுற்றி வேகமாக ஓடும், ஆகவே குளிர்ந்த எண்ணெயைவிட நன்றாகவே சூட்டை இழுக்கும். சூடுபடுத்திய இரும்புத் துண்டைத் தொட்டிக்குள் விட்டால் போதும். உலையிலிருந்து தொட்டிக்குப் போகும் வழியில் எதுவும் கிடக்கக் கூடாது. குறடு, கையுறை, மூடி, தீயணைப்பான் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆறிய அலகை வைத்தே அந்த நடையை ஒருமுறை நடந்து பாருங்கள்.

விளக்கை மங்கலாக்குங்கள். வெயிலில் நிறம் பார்த்தால் தவறாமல் சூடு மிஞ்சும்.

அலகைக் குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள், முனை மட்டும் அதிக நேரம் உள்ளே நிற்க வேண்டாம். 770 டிகிரி பக்கம் காந்தம் ஒட்டாமல் போகும். அது அடையாளம் மட்டும்தான், அங்கேயே தோய்த்தால் முழுக் கடினம் வராது. அலகை உற்றுப் பாருங்கள்: சிவந்துகொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் உள்ளே நிழல் போல மங்கலான திட்டுகள் தெரியும், சூடு ஏறிக்கொண்டிருந்தாலும் அந்த இடம் மட்டும் இருட்டாகவே நிற்கும். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது அது சூட்டை விழுங்குகிறது. அந்த நிழல் மெல்லிய வாயிலிருந்து தடித்த முதுகை நோக்கி நகர்ந்து, கடைசியில் முதுகிலும் மறைந்துவிடும். மறைந்த பிறகு முழு அலகும் ஒரே நிறமாகத் தெரிந்தால் சூடு ஏறத்தாழ வந்துவிட்டது. 5160 என்றால் 830 டிகிரி பக்கத்தில் சில நிமிடம் வைத்திருங்கள், குரோமியம் கலந்திருப்பதால் கார்பன் பரவ நேரம் எடுக்கும். 1075 என்றால் நிறம் சமமானதும் எடுத்துவிடலாம்.

எடுத்த வேகத்தில், முனை கீழாக, தொட்டிக்கு நேர் செங்குத்தாக, நிற்காமல் தோள்வரை இறக்குங்கள். உள்ளே மேலும் கீழுமாக மட்டும் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் எண்ணெயை வெட்டிப் போகும் பக்கம் முந்தி ஆறி அலகு வளைந்துவிடும். மேற்பரப்பில் தீ எழும், பதறி அலகைப் பாதியில் உருவாதீர்கள், முழுதாக மூழ்கியிருந்தால் தீ தானே அடங்கும்.

பத்துப் பன்னிரண்டு நொடியில் எடுத்து, நீளவாக்கில் பாருங்கள். இந்த நேரத்தில் எஃகு இன்னும் 200 டிகிரிக்கு மேல் இருக்கும், முழுதாக இறுகியிருக்காது. கோணல் தெரிந்தால் தடித்த தோல் கையுறையோடு மரக்கட்டையில் அழுத்தி நேராக்கச் சில நொடிகள் கிடைக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிவிட்டால் அதோடு சரி, இனி வளைத்தால் இரண்டாகும். அப்போதும் கோணல் இருந்தால் பதம் இறக்கும்போது (கடினமான அலகை மறுபடி மிதமாகக் காய்ச்சி நொறுங்காமல் ஆக்கும் அடுத்த கட்டத்தில்) சரிசெய்யலாம், இப்போது விட்டுவிடுங்கள்.

அரத்தை வாயில் லேசாக இழுத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடினால் கடினமாகிவிட்டது. பிடித்தால் உடனே மனம் உடைய வேண்டாம், மேல்தோலில் கார்பன் போயிருக்கலாம், ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

10. பதம் இறக்குதல்

தோய்ச்சல் முடிந்த அலகு கீழே விழுந்தாலே உடையும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவில் விட்டுவிட்டு, காலையில் விரிசலோடு எடுத்தவர்கள் உண்டு. உடனே செய்யுங்கள்.

230 முதல் 250 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். நீளம் அடங்கும் அடுப்பு இல்லை என்றால் அதே தடித்த குழாயை மெல்லிய தீயில் வைத்து, வெப்பமானி செருகிப் பயன்படுத்துங்கள். அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு இடத்தை விட்டுவைத்தால் நிறமும் சொல்லும்: வெளிர் வைக்கோல் நிறம் 210 பக்கம், பழுப்பு 250 பக்கம், நீலம் 300 பக்கம். கோணல் மிச்சம் இருந்தால் இரண்டாம் சுற்றில் தடித்த இரும்புப் பட்டையோடு சேர்த்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளையும்படி கிளாம்ப் போட்டு உள்ளே வையுங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும்.

காம்பை மட்டும் தனியாக நீலம் தாண்டும்வரை எரிவாயு டார்ச்சால் காய்ச்சுங்கள், அலகை அப்போது ஈரத்துணியில் சுற்றித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். காம்புக்குக் கூர் வேண்டாம், அதிர்ச்சியைத் தாங்கினால் போதும்.

11. வளைவுச் சோதனை

பிடி மாட்டும் முன்பே செய்துவிட வேண்டும். முனையை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைஸில் பிடித்து, முகக்கவசம் போட்டு, அலகு உடைந்தால் பறக்கும் கோட்டில் நீங்களும் மற்றவர்களும் நிற்காமல், சில செ.மீ. வளைத்து விடுங்கள். நேராகத் திரும்ப வேண்டும். வளைந்தபடியே நின்றால் கடினம் போதவில்லை, 7-ஆம் கட்டத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பச் செய்யலாம். உடைந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள், முதலில் உடைத்த சோதனைத் துண்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் காரணம் தெரியும்.

12. முடிப்பு

இனி எந்தத் தேய்ப்பானாலும் சூடு ஏறக் கூடாது. வெறுங்கையால் அலகைப் பிடித்துத் தேய்த்து, சுடத் தொடங்கியதும் தண்ணீரில் முக்குங்கள். வாயில் ஒரு இடம் நீலமாகிவிட்டால் அங்கே பதம் போய்விட்டது. உப்புத்தாளை மரத்துண்டில் சுற்றி, 220, 400, 600 என்று ஏறிப் போங்கள். முந்தைய எண்ணின் கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்தது.

பிடிக்குக் காம்பு இறுக உட்காரும்படி மரத்தைக் குடைந்து, எப்பாக்சி பசை போட்டு, துளையில் பின் ஆணியை அடியுங்கள். எப்பாக்சியை மட்டும் நம்பி விட வேண்டாம், வீசும்போது அலகு கழன்று போனால் அது எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாயைக் கூராக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. பிடி மாட்டும்போதே கூராக இருந்தால் கைதான் வெட்டுப்படும். எண்ணெய் தடவி வையுங்கள், ஆனால் தோல் உறைக்குள் நிரந்தரமாகப் போட்டுவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாமல் உள்ளே துரு ஏறிக்கொண்டிருக்கும்.